வெள்ளி, ஒரு கோல்

யுத்தம் முடிந்த சேதி அருவங்காட்டுக்குச்
சங்கு வழியாகத்தான் வந்தது.
ராத்திரி ஷிப்டுக்கு அது ஊதவில்லை.

சுட ஆளில்லாத உலகத்துக்கு
இத்தனை வெடிமருந்து எதற்கு?
ஆகவே ஆட்குறைப்பு.
பட்டியல்களை அடித்தது நான்:
டைம் ஆபீஸ் இரண்டாம் கிளார்க்,
ஃபாக்டரி டீமின் கோல்கீப்பர்.

எங்கள் மைதானத்தில் ஐப்பசி பிறந்தால்
பந்து கண்ணுக்கு வராது.
காதுக்கு வரும்.
நனைந்த தோல் புல்லை அறைகிற சத்தம்
வலப்புறம் என்றால் சவரிராயன்.
இடப்புறம், சத்தமே இல்லாமல்
காற்று மட்டும் திரும்பினால் பெள்ளி.
பூட்ஸ் சத்தம் என்றால் வெலிங்டன் பட்டாளத்தான்,
கப்பலுக்குக் காத்திருக்கிறவன்.
ஆறு கோல் வாங்கினாலும் விசிலடிப்பான்;
ஊருக்குப் போகிறவனுக்குத் தோல்வி ஏது.

பெள்ளிக்கு ஜெகதளா. வெறுங்கால்.
ஆசிட் செக்‌ஷனில் ஆறு வருஷம்,
பத்து விரலும் மஞ்சள்.
‘நம்ம ஆட்டத்துக்குக் கை எதுக்கு’ என்பான்.

ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே மேஜை.
மேலே ஒரு கடிதம்:
சண்டைக்குப் பிறகு முதல் தேசியப் போட்டி,
மெட்ராஸ் அணிக்கு இடது விங் தேவை,
பெள்ளிக்கு மூன்று வாரம்
சம்பளத்தோடு லீவு தந்து உதவவும்.
கீழே என் பட்டியல். பத்தொன்பது பேர்.
பதினோராவது பெள்ளி.

வேலையில் இருக்கிறவனுக்குத்தானே லீவு.
டிக்ரூஸ் துரை இரண்டையும் படித்தார்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
‘ஃபைல் பண்ணு’ என்றார்.

தேதியை ஒரு மாதம் தள்ளி அடித்திருக்கலாம்.
கார்பன் கசங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.
எந்தப் பக்கம் வந்தாலும் பாய்கிறவன் என்று
எனக்குப் பேர்.
அன்றைக்குக் கோட்டில் நின்றபடி
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் திட்டவில்லை.
‘இனி யாரையும் லீவு கேக்க வேண்டாம் பாரு’
என்று மட்டும் சொன்னான்.
அதை எங்கே ஃபைல் பண்ணுவது
என்று இன்னும் தெரியவில்லை.

டீம் காசு போட்டு வாங்கிய பூட்ஸ்
கழுத்தில் தொங்க ரயிலேறினான்.
மலை ஏறும்போது தள்ளுகிற அதே எஞ்சின்
இறங்கும்போது கீழ்ப்பக்கம் நின்று தாங்கும்.
ஃபாக்டரி செய்யாததைக்
குன்னூரிலிருந்து கல்லாறு வரை
பல் பல்லாக அது செய்திருக்கும்.

மொய்து கடைக்குப் பேப்பர் ஒரு நாள் பிந்தி வரும்.
கடைசிப் பக்கம், நெல் விலைக்குக் கீழே நாலு வரி.
அரையிறுதியில் மெட்ராஸ் தோற்றது,
மூன்றுக்கு ஒன்று.
அந்த ஒரு கோல்: வெள்ளி.

வெள்ளிக்கிழமையா ஆட்டம், என்றான் சவரிராயன்,
புதன் என்றல்லவா சொன்னார்கள்.
தோற்றவனுக்கு மெடல் வெள்ளியில்தான், என்றார் மொய்து.
அச்சுப்பிழை, என்றேன் நான்.
பிழை பார்ப்பது என் தொழில்.

பால் ஊற்ற வந்த மாதி, பெள்ளியின் அக்கா,
தூக்கைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
‘என்ன போட்டிருக்கு?’
‘வெள்ளி.’
‘சரியாத்தானே போட்டிருக்கு.
எங்க பாஷையில பெள்ளின்னா அதுதானே.’
அளந்த பாலுக்குக் காசு எண்ணி வாங்கிப் போனாள்.

ஆறு வருஷம் அந்தப் பேரை
ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்திருக்கிறேன்.
அர்த்தம் கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சி.
கம்பளி போட்டு மூடின மாதிரிப் பனி.
இடப்புறம் பூட்ஸ் சத்தம்.
பட்டாளத்தான், தூக்கி அடிப்பான் என்று
எழும்பினேன்.
பந்து காலடியில் போயிற்று.

வலைக்குப் பதில் கட்டியிருந்த சாக்கில்
அது மோதி நின்ற பிறகு
பனிக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்,
பூட்ஸ் கடிக்குது என்று.